நாலடியாரில் குடிப்பிறப்பும் மேன்மக்களும்

"பெரிய இடம்" என்று ஒரு சொல் நம்மிடையே புழங்குகிறது. பெண் பார்த்துவிட்டு வருகிறவர்கள் சொல்வார்கள், "பெரிய இடம்ப்பா, நமக்குக் கட்டாது" என்று. என்ன பெரியது என்று கேட்டுப் பாருங்கள். மூன்று மாடி வீடு, வாசலில் இரண்டு கார், கிரானைட் தொழில், பெங்களூரில் ஒரு பிளாட். இதற்கு மேல் அவர்களால் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அதே மனிதர்கள் அடுத்த வீட்டைப் பற்றிப் பேசும்போது, "காசு இருக்கு, என்ன இருந்து என்ன, பெரிய மனுஷத்தனம் இல்லையே" என்கிறார்கள். அப்படியானால் காசைத் தவிர வேறு ஏதோ ஒன்று வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிந்துதான் இருக்கிறது. அந்த வேறு ஒன்று எது என்று பழைய நூல் ஒன்றில் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரை.

அடியேன் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். ஆரணிப் பக்கத்து நயினார் குடும்பம். 1984இல் புளி வியாபாரத்துக்காகச் சாந்திபுரம் வந்தவன் இங்கேயே தங்கிவிட்டேன். பகலில் மண்டி, விளக்கு வைத்த பிறகு புத்தகம். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லாததால் இரவு நேரம் நிறையவே மிச்சம் இருக்கும்! அப்படிப் படித்த படிப்பு இது. குறை இருந்தால் அறிஞர்கள் பொறுக்க வேண்டும்.

நாலடியார் பற்றி நம் வாசகர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சமண முனிவர் பலர் பாடிய 400 வெண்பாக்கள். பாண்டியனிடம் விடைபெறாமல் எண்ணாயிரம் முனிவர்கள் ஆளுக்கொரு ஏட்டை வைத்துவிட்டுப் போனார்கள், அரசன் அவற்றை வைகையில் எறியச் செய்தான், எதிர்நீச்சல் போட்டு வந்தவை இந்த நானூறு என்பது செவிவழிக் கதை. பதுமனார் அவற்றை நாற்பது அதிகாரங்களாக வகுத்தார். ஜி.யு.போப் 1893இல் ஆங்கிலத்தில் பெயர்த்து ஆக்ஸ்போர்டில் அச்சிட்டார். ஒரே புலவர் பாடிய திருக்குறளைப் போலன்றி இது பல வாய்களின் நூல். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கல்வி 14ஆம் அதிகாரம். அதற்கடுத்தது குடிப்பிறப்பு, அதற்கும் அடுத்தது மேன்மக்கள். நம் "பெரிய இடத்து"க்குப் பழந்தமிழ்ப் பெயர் இந்த இரண்டிலும் இருக்கிறது.

குடிப்பிறப்பு அதிகாரத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது, அங்கே பணமே இல்லை என்பதுதான். முதல் பாட்டிலேயே (141) நல்ல குடியில் பிறந்தவன் கிழிந்த உடுப்போடு, மெலிந்த உடம்போடு வருகிறான். ஆனாலும் கொள்கையில் குறைவதில்லை. பசித்தாலும் சிங்கம் புல்லைக் கடிக்காது என்கிறார் முனிவர். 147ஆம் பாட்டு இன்னும் நுட்பமானது. பெரிய வீடு ஒன்று பாழடைந்து கரையான் பிடித்துக் கிடக்கிறது. ஆனாலும் அதில் மழை ஒழுகாத மூலை ஒன்று இருக்கும். அதுபோல் நொடித்துப்போன காலத்திலும் நல்ல குடியினர் செய்ய வேண்டியதைச் செய்வார்கள் என்பது கருத்து. பெரிய வீட்டில் வாழ்ந்து பார்த்தவனும், ஒழுகும் வீட்டில் பாத்திரம் வைத்துத் தூங்கினவனும்தான் இப்படி ஓர் உவமையைச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றும். 150இல் வற்றிப்போன ஆறு வருகிறது. தோண்டினால் தெளிந்த நீர் ஊறும். நம் பக்கத்துப் பாலாற்றைப் பார்த்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. நந்தி மலையில் பிறந்து, கோலார் வழியாக வந்து, நம் குப்பம் வட்டாரத்தைக் கடந்து வாணியம்பாடிக்குப் போகிற அந்த ஆற்றில் பெரும்பாலான மாதங்களில் மணல்தான். பெண்கள் அந்த மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் மொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, அந்தக் குடிப்பிறந்தார் என்னதான் செய்வார்கள்? 143ஆம் பாட்டு சொல்லுகிறது. பெரியவர் வந்தால் இருக்கையை விட்டு எழுவது. எதிர்கொண்டு நாலடி நடப்பது. அவர் போகும்போது வழியனுப்பக் கூடவே நடந்து, "நீங்க நில்லுங்க" என்று அவர் சொன்ன பிறகே நிற்பது. 145 அவர்கள் எதற்கெல்லாம் அஞ்சுவார்கள் என்று கணக்கெடுக்கிறது: கல்லாமைக்கு அச்சம், கயவர் செய்கிற காரியத்துக்கு அச்சம், வாய் தவறி ஒரு சொல் விழுந்துவிடுமோ என்ற அச்சம், கேட்டு வந்தவனுக்கு ஒன்றும் கொடுக்க முடியாமல் போய்விடுமோ என்ற அச்சம். இன்றைக்குப் பெரிய இடத்துக்காரர் எதற்கு அஞ்சுகிறார்? வருமான வரிக்கு. (நானும் அஞ்சுகிறவன்தான்.)

வியாபாரி என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்தது 144. நல்லது செய்தால் "அது அவன் குடும்பத்துக்கு இயல்புதானே" என்று உலகம் சும்மா இருந்துவிடும். கெட்டது செய்தால் ஊரே தூற்றும். அப்படியானால் இந்தக் குடிப்பிறப்பில் என்னதான் ஊதியம் என்று பாடினவர் கேட்கிறார். ஊதியம் என்பது நம் கடைத்தெருச் சொல். வரவுப் பக்கம் ஒன்றுமில்லை, செலவுப் பக்கம் மட்டும் உண்டு. பேரேட்டில் அப்படி ஒரு கணக்கு இருந்தால் எந்த முதலாளியும் அதை மூடிவிடுவான். அந்தக் கணக்கை மூடாமல் வைத்திருப்பவனைத்தான் நூல் மேன்மகன் என்கிறது.

ஆங்கில நாட்டிலும் இந்தக் கேள்வி எழுந்தது. ஆலன் ராஸ் என்ற மொழியறிஞர் 1954இல் எழுதியதை வைத்து நான்சி மிட்ஃபோர்டு என்ற எழுத்தாளர் 1955இல் ஒரு கட்டுரை எழுத, அது பெரிய பேச்சாயிற்று. சாப்பாட்டு மேசையில் மடியில் விரிக்கிற துணியை "நாப்கின்" என்பவர் மேல்வகுப்பு, "செர்வியட்" என்பவர் அல்ல. பணம் போய்விட்ட பிரபுவைக்கூட வாய்ச்சொல் காட்டிக்கொடுத்துவிடும் என்றார்கள். அமெரிக்காவில் வெப்லன் 1899இலேயே, ஊருக்குத் தெரியும்படி செலவழித்துக் காட்டுவதுதான் மேல்தட்டின் வேலை என்று எழுதிவிட்டார். பிரான்சில் பூர்தியூ 1979இல், வீட்டில் சிறு வயதிலேயே படிகிற ரசனையும் பழக்கமும் கண்ணுக்குத் தெரியாத ஒரு முதல், அதுவும் பணம்போலப் பிள்ளைகளுக்குப் போய்ச்சேரும் என்று விளக்கினார். கல்லூரிப் பேராசிரியையான என் மகள் இவற்றை எனக்குச் சொன்னாள். நான் சொன்னேன், "அம்மா, அந்தத் துணிக்கு எந்தப் பேர் வைத்தாலும் எதிரில் இருப்பவனுக்கு ஒரு பயனும் இல்லை. எழுந்து நின்றால் அவனுக்கு ஒரு மரியாதை கிடைக்கிறது." வெளிநாட்டார் எழுதியவை பெரும்பாலும் பிறரை வெளியே நிறுத்தும் அடையாளங்கள். 143ஆம் பாட்டின் அடையாளங்கள் பிறரை உள்ளே அழைப்பவை. இந்த வேறுபாட்டை அன்றைக்குப் பெருமையாகவே சொன்னேன்.

பெருமை நீடிக்கவில்லை. அந்தக் கதையையும் சொல்ல வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் சில குடும்பங்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை மாலையில் தமிழ் வகுப்பு நடத்தினோம். தெலுங்கு, ஆங்கிலப் பள்ளியில் படிக்கிற நம் பிள்ளைகள் தமிழ் எழுத்தை மறந்துவிடக் கூடாது என்பதற்காக. என் மண்டியில் எடை போட்ட பெரியவருடைய மகனும் வருவான். அப்போது பத்தாம் வகுப்பு. நான் 142ஆம் பாட்டை விளக்கிக்கொண்டிருந்தேன். சான்றாண்மை, மென்மை, ஒழுக்கம் ஆகிய மூன்றும் வானளாவிய குடியில் பிறந்தவர்க்கே அமையும், மற்றவர்க்கு எவ்வளவு பெருஞ்செல்வம் வந்தாலும் அமையாது என்பது அதன் பொருள். புதுப் பணக்காரரை இடிக்கிற பாட்டு என்று நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். பையன் எழுந்தான்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா? பணம் வந்தாலும் வராதுன்னு சொல்றாரு. சரி. எங்களுக்குப் பணமும் இல்ல. அப்ப எங்களுக்கு எப்பதான் வரும்?"

வகுப்பு சிரித்தது. "அது உன்னச் சொல்லலப்பா, பொதுவாச் சொன்னது" என்று நானும் சிரித்தபடியே உட்கார வைத்துவிட்டேன். அது தவறான பதில். அவன் கேட்டது சரியான கேள்வி. நான் அதற்கு மறுமொழி சொல்லாமல் அவனை உட்கார வைத்தேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. 143ஐ வாயாரப் புகழ்ந்தவன் எழுந்து நின்றவனை உட்காரச் சொன்னேன்!

அதற்குப் பிறகு நாலடியாரை வேறு கண்ணோடு படித்தேன். நூல் ஒரே குரலில் பேசவில்லை. கல்வி அதிகாரத்தில், குடிப்பிறப்புக்குச் சில பாட்டுகள் முன்னாலேயே (136), ஓடம் விடுகிறவன் வருகிறான். பழைய வருணக் கணக்கில் கடைப்பட்டவன் என்று அவனை யாரும் இகழ மாட்டார்கள், அவனைத் துணையாகக் கொண்டுதான் ஆற்றைக் கடக்க வேண்டும். நூல் கற்றவனைத் துணையாகக் கொள்வதும் அப்படியே என்கிறது பாட்டு. இங்கே குலம் கேட்டால் அக்கரை போக முடியாது. பிறகு தாளாண்மை அதிகாரத்தில் 195. நல்ல குலம், தீய குலம் என்பதெல்லாம் வெறும் சொல், அதற்குப் பொருளே கிடையாது என்று அடித்துச் சொல்லிவிட்டு, பொருள், தவம், கல்வி, முயற்சி இவற்றால்தான் குலம் என்பதே உண்டாகிறது என்று முடிக்கிறது. 142ஐப் பாடிய முனிவரும் 195ஐப் பாடிய முனிவரும் ஒரு பள்ளியில் அடுத்தடுத்துப் படுத்திருந்தால் இரவெல்லாம் வாதம் நடந்திருக்கும்.

பதுமனார் 195ஐக் குடிப்பிறப்பில் வைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அங்கே வைத்திருந்தால் மற்ற ஒன்பது பாட்டையும் அது மறுத்திருக்கும். தாளாண்மையில், அதாவது முயற்சி பற்றிய அதிகாரத்தில், ஐந்தாவதாக வைத்துவிட்டார். ஒதுக்கி வைத்தார் என்பதா, காப்பாற்றி வைத்தார் என்பதா? எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது. வேண்டாதது என்றால் தொகுப்பிலேயே சேர்த்திருக்க மாட்டாரே.

நூலின் குறையையும் மறைக்கக் கூடாது. 149இல் மான்மேல் சேணம் கட்டினாலும் அது குதிரையாகாது என்று வருகிறது. சிங்கம், மான், குதிரை என்று விலங்குகளை வைத்துப் பேசினால் மனிதன் மாறவே மாட்டான் என்றுதான் முடியும். கீழ்மை அதிகாரத்தின் தொடக்கத்தில் (341) கோழி வருகிறது. காலையிலேயே வாய் நிறையத் தானியம் போட்டாலும் அது குப்பையைக் கிளறப் போய்விடும், அதுபோல் கீழானவனுக்கு எவ்வளவு நூல் சொன்னாலும் தன் மனம் போன வழியே போவான் என்று. இந்தக் கோழி சரியென்றால் 136ஆம் பாட்டின் ஓடக்காரன் தப்பு. இரண்டையும் ஒரே மூச்சில் போற்றுகிற உரைகளைப் படிக்கும்போது எனக்குச் சலிப்பு வரும். உரைகாரர்கள் மோதலைப் பார்த்திருப்பார்கள், பார்க்காததுபோல் நடந்து போய்விட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

வள்ளுவர் இதில் எச்சரிக்கையானவர். குடிமை என்று ஓர் அதிகாரம் (96) அவரும் வைத்தார். சிரித்த முகம், கொடை, இனிய சொல், பிறரை இகழாமை என்று நல்ல குடிக்கு நான்கு அடையாளம் சொன்னார். ஆனால் அதற்கு வெகு முன்பே, 133ஆம் குறளில், ஒழுக்கம்தான் குடிமை என்று முடித்துவிட்டார். படிக்காதவன் மேலான குலத்தில் பிறந்தாலும் கீழ்க்குலத்தில் பிறந்து படித்தவனுக்கு ஈடாக மாட்டான் என்பது 409. புறநானூற்றில் பாண்டியன் நெடுஞ்செழியன் பாடியதாக உள்ள 183ஆம் பாட்டும் இதே பக்கம்தான். மன்னனே பாடினான் என்பது அதில் விசேஷம்.

சமண நூலின் உள்ளேயே விடை இருக்குமா என்று தேடினேன். உமாசுவாதி செய்த தத்துவார்த்த சூத்திரத்தில் ஆறாம் அத்தியாயத்தில் கோத்திர வினை பற்றி வருகிறது. உயர்ந்த குடியில் பிறப்பதும் தாழ்ந்த குடியில் பிறப்பதும் வினைப்பயன் என்பது கொள்கை. இதை மட்டும் எடுத்துக்கொண்டால் 142க்கு வலுச் சேர்ந்துவிடும். ஆனால் எந்தச் செயலால் எது வருகிறது என்று பாருங்கள். பிறரைப் பழித்தல், தன்னைப் புகழ்தல், பிறரிடம் உள்ள குணத்தை மறைத்தல், தன்னிடம் இல்லாததை இருப்பதாகக் காட்டுதல், இவற்றால் தாழ்ந்த பிறப்பு. இவற்றுக்கு மாறானவையும் பணிவும் செருக்கின்மையும் உயர்ந்த பிறப்பைத் தருவன. அதாவது, "நான் பெரிய குடும்பம்" என்று சொல்லிக்கொள்கிறவன் அந்தச் சொல்லாலேயே முதலைக் கரைத்துக்கொண்டிருக்கிறான். தமிழில் அருங்கலச்செப்பும், அதற்கு மூலமாகிய சமந்தபத்திரர் நூலும் எட்டு வகைச் செருக்கை எண்ணும்போது குலச் செருக்கையும் சாதிச் செருக்கையும் தனித்தனியாக எண்ணுகின்றன. செல்வச் செருக்கும் அந்த எட்டில் ஒன்றுதான். பணக்காரனின் திமிரைக் கண்டிக்கிற நாம், பழைய குடும்பத்துக்காரனின் திமிரை "பாரம்பரியம்" என்று மெச்சுகிறோம். நூலில் இரண்டும் ஒரே வரிசை.

நம்மைப்போல் பிறந்த ஊரை விட்டு வந்தவர்களுக்கு இது வெறும் ஏட்டுச் சர்ச்சை அல்ல. சொந்த ஊரில், "யாரு வூட்டுப் புள்ள" என்று கேட்டால் பதில் சொல்ல நாலு பேர் இருந்தார்கள். தாத்தா பஞ்சத்தில் நெல் கொடுத்தவர் என்று ஒருத்தர் சொல்வார். அதே தாத்தா பாக்கி ஏமாற்றியதை இன்னொருத்தர் சொல்வார். இங்கே அந்த நாலு பேர் இல்லை. சித்தூர் ஆனாலும் திருப்பதி ஆனாலும் (2022 ஏப்ரலிலிருந்து இரண்டும் தனித்தனி மாவட்டம்) புதிதாக வந்தவனை அளக்கக் கண்ணில் படுகிற கருவி ஒன்றே ஒன்று, அது பணம். அதனால்தான் வீட்டைப் பெரிதாகக் கட்டுகிறோம். கல்யாணத்தில் சாப்பாட்டு வகையை எண்ணிச் சொல்கிறோம். மறுபக்கம், சிலர் ஊரில் இல்லாத பெருமையை இங்கே வந்து ஜோடித்துக்கொள்வதும் உண்டு. மலரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் பேர் சொல்லப் போவதில்லை.

இனி நாலடியாரில் இந்தப் பொருளுக்கு உச்சமான இடம். பெருமுத்தரையர் என்ற பெயர் நூலில் இரண்டு முறை வருகிறது. முத்தரையர் தஞ்சைப் பக்கம் ஆண்ட குறுநில மன்னர்கள். செந்தலைத் தூண் கல்வெட்டுகள் அவர்களைப் பாடுகின்றன. ஒன்பதாம் நூற்றாண்டில் விசயாலய சோழன் தஞ்சையைப் பிடித்தபின் அவர்கள் ஆட்சி மங்கியது. இந்தப் பெயரை வைத்தே ஆராய்ச்சியாளர் பலர் நாலடியாரின் காலத்தைக் கணிக்கிறார்கள். காலம் கிடக்கட்டும். அந்தப் பெயர் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள்.

200ஆம் பாட்டில் அவர்கள் உண்மையான பிரபுக்கள். மகிழ்ந்து கறிச்சோறு போடுகிறார்கள். அதை உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் கயவர்களாம்! கறி என்ற பெயரையே அறியாதவன் தன் உழைப்பில் குடிக்கிற தண்ணீர் அமிழ்தம் என்கிறது பாட்டு. கொடுக்கிற பிரபுவைக் குறை சொல்லவில்லை, ஆனால் அவர் வீட்டுப் பந்தியை இறக்கிவிட்டது. மானம் அதிகாரத்தில் 296 இன்னும் ஒரு படி மேலே போகிறது. பணமிருந்தும் கொடுக்காதவர்கள் ஏழைகள். ஏழையாக இருந்தும் பணக்காரன் வாசலில் போய்க் கேட்காதவர்கள் யார் தெரியுமா, அவர்கள்தான் பெருமுத்தரையர் என்கிறது. மன்னர் குடும்பத்தின் பட்டத்தைக் கழற்றி, கந்தல் உடுத்தவன் தலையில் வைத்துவிட்டார் முனிவர். 141ஆம் பாட்டின் சிங்கத்தைவிட இது எனக்குப் பெரியது. சிங்கம் சிங்கமாகவே பிறக்க வேண்டும். இந்தப் பட்டத்துக்குப் பிறப்பு கேட்கப்படவில்லை.

மண்டியில் எடை போட்ட பெரியவர் காலமாகி மூன்று மாதம் கழித்து அவர் மகன் வந்தான். அதற்குள் பட்டப்படிப்பு முடித்திருந்தான். கையில் ஒரு பழைய நாற்பது பக்க நோட்டு. அவர் அவ்வப்போது என்னிடம் கைமாற்றாக வாங்கியதும் திருப்பியதும் அதில் பென்சிலால் குறித்திருந்தது. கடைசிப் பக்கத்தில் பாக்கி 1,840 ரூபாய். என் பேரேட்டில் அது இல்லவே இல்லை. கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு நான் எழுதாமல் விட்ட தொகை. "எங்கிட்ட கணக்கு இல்லப்பா, விடு" என்றேன். "எங்க அப்பாகிட்ட இருக்குதுங்களே" என்று பணத்தை மேசைமேல் வைத்தான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கி வரவு எழுதினேன். அவன் போகும்போது எழுந்து தெருமுனைவரை கூட நடந்தேன்.

இப்போது அவன் அரசுப் பள்ளியில் ஆசிரியர். ஞாயிறு வகுப்பை அவர்தான் நடத்துகிறார் (இனி "அவர்" என்றுதான் எழுத வேண்டும்). 195ஆம் பாட்டில் "ஒன்றோ" என்ற சொல்லைப் பற்றி எங்கள் இருவருக்கும் இன்னும் வழக்கு தீரவில்லை. குலத்தை உண்டாக்குவது பொருள் ஒன்றுதானா, தவமும் கல்வியும் முயற்சியும் அல்லவா என்று கேள்வியாகப் பொருள் கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. பணத்தைத் தாழ்த்த அது எனக்கு வசதி. அவர் ஒப்பவில்லை. அது எண்ணிக்கையில் வருகிற இடைச்சொல், ஆகவே நான்கும் சமமாக நிற்கின்றன, அதிலும் பொருள்தான் முதலில் நிற்கிறது என்கிறார். "எல்லாத்தையும் விட்டுட்டுப் போன முனிவரே பொருளை முதல்ல வெச்சிருக்காருங்க ஐயா. இல்லாத வீட்டுல தவம், கல்வின்னு மட்டும் சொன்னா எப்படிங்க?" என்று கேட்கிறார். பழைய உரைகளை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கிறேன். இலக்கணம் அவர் பக்கம்தான் சாய்கிறது.